வாய்க்குள்ளே கங்கு

டீ சுடவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வந்த செங்குட்டுவன், முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுப்பு மேடையில் இருந்த தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். இனிப்பு தெரிந்தது, இஞ்சி தெரிந்தது, சூடு மட்டும் தெரியவில்லை. எப்போதோ போட்டு வைத்த டீயைத் தன் தலையில் கட்டுகிறாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு வருகிறவனுக்கு இந்த வீட்டில் ஒரு தம்ளர் சூடான டீ கூடக் கிடைக்காதா?

"இன்னாமே, ஆறிப்போன டீயக் குடுக்குற?"

"இப்பதான்யா எறக்குனேன்," என்றாள் அவன் மனைவி சொக்கம்மாள், திரும்பாமலே. "கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? ஆவி வருது பாரு."

வந்துகொண்டுதான் இருந்தது. தம்ளரைச் சற்றுச் சாய்த்தான். கட்டைவிரல் மேல் ஒரு சொட்டு விழுந்ததும் கையை உதறினான். தோல் சிவந்து எரிந்தது. அதே தம்ளர், அதே டீ. மீதிப் பாதியை மெதுவாக, சோதித்துச் சோதித்துக் குடித்தான். நாக்கு நுனியில் சுட்டது, உதட்டில் சுட்டது. மேலே, மேலண்ணத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. அங்கே வாயே இல்லாதது போல டீ வழுக்கிக்கொண்டு போனது.

சொக்கம்மாள் தண்டையார்பேட்டையில் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். அவள் வேலைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தினான். அது பகலிலும் இருட்டாகக் கிடக்கிற அறை. அவனே செய்த ஏற்பாடுதான். பகலில் தூங்குகிறவனுக்குச் சூரியனோடு என்ன உறவு? இருந்த ஒரே ஜன்னலையும் லாரித் தார்ப்பாயை வெட்டி ஆணியடித்து மூடியிருந்தான். வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமும், மணலிப் பக்கமிருந்து காற்று வீசினால் அழுகிய முட்டை நாற்றம் சந்து பொந்தெல்லாம் நுழைந்து உள்ளே வரும், வெளிச்சம் மட்டும் வராது. செல்போன் டார்ச்சைப் போட்டு, சவரக் கண்ணாடியை எடுத்து, வாயைப் பிளந்தான்.

நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் தன் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றால் அவனை என்ன சொல்வது? மீசையை ஆயிரம் தடவை பார்த்திருப்பான். வாய்க்குள் சோறு போயிருக்கிறது, பீடி போயிருக்கிறது, பார்வை போனதில்லை.

அண்ணம் வெள்ளையாக இருந்தது. வெயிலில் வெடித்த சுண்ணாம்புச் சுவரின் வெள்ளை, அதே போல வெடிப்பு வெடிப்பாக. அதற்கு நடுவே குண்டூசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் நிறுத்திவிட்டான். இந்த வாயை அவன் முன்பே பார்த்திருக்கிறான். அது நீலமேகத்தின் வாய்.

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கால்வாய் ஓரமாக, இருபத்திரண்டு எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற ஒரு கிடங்கில் செங்குட்டுவனுக்குக் காண்டிராக்ட் வேலை. தொட்டியின் தலைக்கு ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை இறக்கி, சரக்கு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து கீழே சொல்ல வேண்டும். நீலமேகம் அவனோடு ஒரே ஷிப்டில் பதினாறு வருடம் ஏறி இறங்கியவன். கேட்டிலேயே செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். உள்ளே பீடியோடு பிடிபட்டால், உள்ளே விடுகிற கேட் பாஸைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் அந்த வட்டாரத்தில் எந்தக் கிடங்கிலும் வேலை கிடையாது. கம்பத்துக்குக் கம்பம் கேமரா வேறு.

அதற்கும் ஒரு வழி இருந்தது. ஆந்திரக் கரையிலிருந்து வந்த மீன்காரர்களிடம் நீலமேகம் பிடித்துக்கொண்ட வழி. கடல் காற்றில் சுருட்டு அணையாமல் இருக்க அவர்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்களாம். ஷூவுக்குள் நாலு தீக்குச்சி, ஒரு துண்டு உரசுதாள். தொட்டிகளுக்கு எட்டத்தில், மதில் ஓரத்துப் பம்பு ஷெட்டுக்குப் பின்னால் பற்றவைத்து, ஒரே திருப்பில் கங்கு முனையை உள்ளே தள்ளி உதட்டை மூட வேண்டும். நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். எச்சில் ஈரத்தில் பீடி மெல்ல எரியும். சாம்பலை விழுங்கிவிட வேண்டும்.

"கேமரா இன்னா பாக்கும் நைனா? வெளிச்சத்ததான பாக்கும்," என்பான் நீலமேகம். "கங்கு உள்ள பூட்ச்சுன்னா நீ அங்க ஒரு ஆளே இல்ல."

முதல் வாரம் செங்குட்டுவனுக்கு வாயெல்லாம் கொப்புளம். இரண்டாம் மாதம் வலி நின்றுவிட்டது. வலி நின்றதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் வெளியே டீக்கடையில் நின்று குடிக்கும்போதும் கை தானாக அப்படியே திருப்பிற்று. சாதாரணமாகக் குடித்தால் அவனுக்குக் காற்றைக் குடிக்கிற மாதிரி இருந்தது.

நீலமேகத்துக்கு முதலில் அண்ணம் வெளுத்தது, பிறகு புண் வந்தது, பிறகு ஓட்டை விழுந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேச்சு முழுக்க மூக்கில் போய், கடைசியில் அவன் பெண்டாட்டிக்குக்கூட அவன் கேட்பது என்னவென்று புரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தார்கள். வாய்க்கரிசி போட்டு முடித்ததும், செத்தவனுக்குப் பிடித்ததைக் கொடுத்து அனுப்புகிற வழக்கப்படி, செங்குட்டுவன் ஒரு பீடியைப் பற்றவைத்து அவன் உதட்டில் செருகினான். வேறு யாராவது செருகியிருந்தால் நெருப்பு வெளியே இருந்திருக்கும். செங்குட்டுவனின் கை பழகிய கை. அது உள்ளே திருப்பி வைத்தது.

"அணைச்சுட்டு மூடுங்கடா," என்று யாரோ சொன்னார்கள்.

"வுடு, குடிச்சுகினே போவட்டும்," என்றான் செங்குட்டுவன். குடிபோதையில் எல்லோருக்கும் அது பெரிய பேச்சாகத் தோன்றியது. மண் தள்ளினார்கள். மூடின பிறகும் கொஞ்ச நேரம் மண்கட்டிகளின் இடுக்கில் நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அது நிற்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

செங்குட்டுவன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான். 

மறுநாள் மத்தியானம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கிற பல் டாக்டரிடம் போனான். மகிமா என்று பெயர். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், முகத்தில் சிரிப்பென்று ஒன்று கிடையாது. அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்தாள்.

"பீடியா, சிகரெட்டா?"

"எப்பனா ஒண்ணு ரெண்டு."

 கம்பியால் ஈறுகளைத் தட்டிக்கொண்டே போனாள். "ரெண்டு கடவாப்பல் ஆடுது. ரத்தம் வந்திருக்கா?"

"இல்ல. ஈறு நல்லா கீது."

"நல்லா இல்ல. புகை குடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தம் வராது, ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிரும். ரத்தம் வரலன்னு நீங்க சந்தோசமா இருப்பீங்க, உள்ள எலும்பு கரைஞ்சுகிட்டே இருக்கும்." கம்பியை மேலே கொண்டுபோனாள். "குத்துறேன். தெரியுதா?"

"குத்துங்க," என்றான் அவன்.

"குத்திட்டேன்."

 மகிமா, அவன் வாய்க்குள் விட்டிருந்த சின்னக் கண்ணாடியை வெளியே எடுத்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி, தட்டில் போட்டாள். கையுறைக்குள் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"காய்ச்சல் இருக்கா உங்களுக்கு?"

"இல்லியே."

"நெருப்ப உள்ள வச்சு குடிக்கிற பழக்கம் உண்டா அண்ணா?"

கேட்டாளே ஒரு கேள்வி. இவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? கம்பெனி மருத்துவ முகாமுக்கு வருகிற டாக்டர்களில் இவளும் ஒருத்தியோ? எழுதிக் கொடுத்துவிட்டால்? இரவில், கிடங்குக்குள், நெருப்பு. பாஸ் போய்விடும். உண்மையைச் சொல்ல வாய் திறந்தவன், திறந்த வாயை வைத்துக்கொண்டு பொய் சொன்னான்.

"டீ கொஞ்சம் சூடா குடிப்பேன் டாக்டர். அதான்."

மகிமா அவனையே பார்த்தாள். "டீ இதைச் செய்யாது. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கணும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன். இந்த வாரமே போயிருங்க. அலட்சியமா இருந்தா மேல்வாயே மிஞ்சாது. நான் பயமுறுத்துறதுக்குச் சொல்லல."

சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். ஆஸ்பத்திரியிலும் இதே கேள்வியைத்தானே கேட்பார்கள்? பீடியை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படி இறங்குவதற்குள் முடிவு செய்தான். அன்றைக்கே விட்டான். அதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

விட்ட மூன்றாம் நாள் வீட்டில் பீடி நாற்றம் வர ஆரம்பித்தது.

துணியில் ஒட்டின பழைய நாற்றமாக இருக்கும் என்று இருந்த சட்டையெல்லாம் துவைத்துப் போட்டான். போகவில்லை. அது ஊறிப்போன நாற்றமாகவும் இல்லை. யாரோ இப்போதுதான் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிற மாதிரி, சூடும் காரமும் குறையாத புதுப் புகை. பகலில் தூங்கி எழுந்தால் தலைமாட்டில் கனமாக நிற்கும். உதட்டோரம் கரகரவென்று ஏதோ ஒட்டியிருக்கும். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும், எச்சில் காய்ந்த பொருக்கு என்று சொல்லிக்கொண்டு கழுவிவிடுவான்.

ஆறாம் நாள் சாயங்காலம் சொக்கம்மாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். உறையில் ஒரு பொத்தல். சுற்றிலும் கருகியிருந்தது. பொத்தலுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள்.

"இது இன்னாய்யா?"

"தெர்ல."

"படுத்துகினே குடிக்கிறியா? வூட்ட கொளுத்தப் போறியா நீ?"

"சத்தியமா இல்லமே. ஆறு நாளாச்சு தொட்டு."

"உன் வாய்லேர்ந்து வருதுய்யா புகை." அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "காலைல நீ தூங்கிகினு இருந்தப்ப பாத்தேன். வாய் தொறந்துகினு கீது, உள்ளேர்ந்து வருது. பீடிய உள்ள வெச்சுகினே தூங்கற. இருபது வருசமா உன் வாய் நாத்தத்துல படுத்து எந்திரிச்சேன். இது என்னால ஆவாது."

அவன் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்தால் திருப்புகிற மாதிரி இல்லை. கலீஜான எதையோ பார்த்துத் திருப்புகிற மாதிரி. அதுதான் அவனுக்கு வலித்தது. அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு புளியந்தோப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அவனும் நாற்றமும்தான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு சத்தத்தில் விழிப்பு வந்தது. தார்ப்பாய் ஜன்னல் கறுப்பாக நின்றது. மின்விசிறி கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. சாலையில் ஏதோ லாரி பின்னால் நகர்கிற பீப் பீப். அவற்றுக்கெல்லாம் அடியில், மெல்லிசாக, பக்கத்தில், பொரிகிற ஒரு சத்தம். பீடியை ஆழமாக இழுக்கும்போது இலைக்குள் புகையிலைத் துணுக்கு பொரிகிறதே, அது. இருபது வருடம் கேட்ட சத்தம், தப்பாகப் போக வழியில்லை. கொஞ்சம் பொரியும். நிற்கும். ஒருவன் புகையை உள்ளே வைத்திருந்து விடுகிற நேரம் இருக்கும் அந்த இடைவெளி. மறுபடி பொரியும்.

எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அடுப்பைத் தொட்டான், குளிர்ந்து கிடந்தது. கதவைத் திறந்து நடையில் பார்த்தான். பக்கத்து வீட்டு சாண்ட்ரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்; அவனைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினான். சத்தம் அவனோடே உள்ளே வந்தது.

இரண்டு காதையும் விரலால் அடைத்தான்.

மின்விசிறி நின்றது. லாரி நின்றது. பொரிகிற சத்தம் மட்டும் கூடியது.

அப்படியே தரையில் உட்கார்ந்தான். நாக்கை மேலே கொண்டுபோகப் பயமாக இருந்தது. கடைசியில் கொண்டுபோனான். நாக்கு நுனி சுட்டது. துப்பினான். எச்சிலோடு ஒரு பல் விழுந்தது. ஆடிக்கொண்டிருந்த கடவாப்பல். வலியில்லை, ரத்தமில்லை. கையில் எடுத்துப் பார்த்தான். மேல் பகுதி மஞ்சளாக, பல்லாகத்தான் இருந்தது. வேர் எரிந்த தீக்குச்சி போலக் கருகி, தொட்டதும் பொடிந்தது.

இனி இந்த மனிதன் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவான் என்று நினைப்போம். அவன் குளித்தான், சீருடையை மாட்டினான், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு போட்டால் காண்டிராக்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பயந்தவனுக்கு எந்தப் பயம் பெரியது என்பது கடைசிவரை தெரிவதில்லை.

கேட்டில் செக்யூரிட்டி அதிகாரி இசக்கிப்பாண்டி பையைத் துழாவினார். திருநெல்வேலிக்காரர், சந்தேகத்தைத் தவிர வேறெதையும் சாப்பிடாதவர்.

"துண்டு எதுக்குவே?"

"பல்லு வலி," என்றான் துண்டுக்குள்ளேயே.

ஏழாம் நம்பர் தொட்டி. நாப்தா. பெட்ரோலைவிடச் சட்டென்று பிடித்துக்கொள்கிற சரக்கு. தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படியில் அவன் மேலே போகும்போது மணலிக் குழாய்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே லோடு பிடிக்க நிற்கிற லாரிகள், டயர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிற டிரைவர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் கால்வாய், கால்வாயைத் தாண்டி வரிசையாகக் கூரை வீடுகள், ஒரு வீட்டு வாசலில் குழந்தையை நிறுத்திக் குளிப்பாட்டுகிற ஒரு பெண். எல்லாம் சின்னச் சின்னதாகத் தெளிவாகத் தெரிந்தன. அளவு மூடியின் திருகைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து ஆவி எழுந்து, அதன் வழியே தெரிந்த கம்பிகளெல்லாம் நெளிந்தன.

பொரிந்தது.

வாயை இறுக்கினான். பல்லைக் கடித்தான். மேலே சூடு பரவியது, இத்தனை நாளும் மரத்துக் கிடந்த இடத்தில், முதல் முறையாக. மூக்குக்குள் புகையின் காரம் ஏறியது. தும்மல் வரப் பார்த்தது. கீழே அந்தப் பெண் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தும்மக் கூடாது. தும்மக் கூடாது.

மூடியைப் போட்டான். திருகினான். நாடாவை மேலேயே விட்டுவிட்டு இறங்கினான். படிகள் முடிகிறவரை மூச்சு விடவில்லை.

"என்னவே அளவு?" என்றார், அளவு குறிக்கிற நோட்டோடு கேட்டிலிருந்து வந்து நின்ற இசக்கிப்பாண்டி.

அவன் தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லும். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?"

மறுபடி தலையை ஆட்டினான்.

"அளக்காம எறங்குனா பாஸை வச்சிட்டுப் போயிரும். நாளைக்கு வேற ஆளு வரும்."

எந்தப் பாஸுக்காக டாக்டரிடம் பொய் சொன்னானோ அந்தப் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றி கேட் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். ஷேர் ஆட்டோவில் ஏறி ஓரமாக உட்கார்ந்தான். இரண்டு நிறுத்தம் போவதற்குள் எதிரே இருந்த அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"யோவ், பீடிய அணைய்யா," என்றான் டிரைவர், கண்ணாடியில் பார்த்து.

செங்குட்டுவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. டிரைவர் அவன் கையைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தான். வண்டியை ஓரம் கட்டினான். "எறங்கு. காசு வாணாம், எறங்கிடு."

மீதித் தூரத்தை நடந்தான். பாதி ஓடினான். மகிமா கடையைக் கட்டுகிற நேரம். உதவிக்கு இருக்கும் பெண் போய்விட்டிருந்தாள், வெளி அறை விளக்கும் அணைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போவல." துண்டை அவிழ்த்தான். சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. "பொய் சொன்னேன் டாக்டர். நெருப்ப உள்ள வெச்சுதான் குடிப்பேன். இருபது வருசமா. பாஸ் பூடும்னு சொல்லல. பாஸ் பூட்ச்சு. எப்டினா எடுத்துடுங்க. இன்னா வெட்டணுமோ வெட்டிடுங்க."

"அன்னைக்கே தெரியும் எனக்கு," என்றாள் அவள். "பத்து நாளை வீணாக்கிட்டீங்க. உக்காருங்க."

நாற்காலி சாய்ந்தது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகமூடியை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டாள். "வாயத் திறங்க."

திறந்தான்.

அவள் குனிந்தாள். அப்படியே நின்றாள். ஒரு கையால் விளக்கைப் பிடித்து மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினாள், சுவரைப் பார்க்கும்படி. பிறகும் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. சிவப்பாக, கீழேயிருந்து.

"அசையாதீங்க," என்றாள். குரல் மாறியிருந்தது. "மூச்சை இழுக்காதீங்க. அடக்குங்க."

அடக்கினான். அவளுடைய கண்ணாடி வில்லைகள் இரண்டிலும் அவன் வாய் தெரிந்தது. முதல் முறையாக முழுசாகப் பார்த்தான். வெள்ளை அண்ணம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இருட்டு வட்டம். வட்டத்தின் விளிம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். மங்கிக் கிடந்தன.

பிறகு, ஒவ்வொன்றாக, பிரகாசமாயின.

"இழுக்காதீங்கன்னு சொன்னேன்."

அவன் இழுக்கவில்லை. கையைத் தூக்கி அவளுக்குத் தெரியும்படி மூக்கைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சு அசையவில்லை. வயிறு அசையவில்லை. பொரிந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கங்காகி, வில்லைகள் இரண்டையும் நிறைத்தன. உள்ளே, மேலே, கண்களுக்குப் பின்னால், சதை சுருங்கிக் கட்டையாவதை உணர்ந்தான். வாய்க்குள் சாம்பல் விழுந்தது. சூடான சாம்பல், நாக்கின் மேல்.

கங்கு மங்கியது. ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பம்பு ஷெட்டுக்குப் பின்னால் நீலமேகம் ரசித்து இழுத்துவிட்டு உள்ளேயே வைத்திருப்பானே, அந்த நேரம்.

மகிமா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கையிலிருந்த கம்பி தரையில் விழுந்து உருண்டது.

செங்குட்டுவன் மூக்கை விடவில்லை. மூச்சை விடவில்லை. அவன் விடாத மூச்சு, பிளந்த வாயிலிருந்து, நிதானமாக, திருப்தியாக, ஒரே சீரான புகையாக வெளியே வந்தது. வந்து முடிந்தது.

கங்கு மறுபடி சிவக்க ஆரம்பித்தது.